அப்பா செத்துப்போன கட்டுரை

வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். கோபம் வந்துவிட்டால் இடம் பொருள் ஏவல் எதுவும் பார்க்கமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் கல்லூரியில் சேர்ந்து ஆறு வாரமாகப் பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தாள் என்றால், எல்லாரும் அவளிடம் காட்டிய அன்புதான் காரணம். கணக்குப் பேராசிரியர், பாடம் புரியாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் வந்து கேள் என்றார். விடுதி அறையில் கூட இருந்தவள், தன் அப்பாவிடமிருந்து போன் வந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்ப் பேசினாள். உலகத்தில் இவ்வளவு நல்லவர்களா என்று பட்டாசு உருகித்தான் போனாள்.

ஏழாவது வாரம் மாணவர் நல அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆலோசகர் அம்மாள் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

"அப்பாவை இழந்த பிள்ளைங்களுக்குன்னு வாராவாரம் ஒரு கூட்டம் நடத்தறோம்மா. நீ ஒரு தடவைகூட வரலையே?"

"எங்கப்பா இருக்காரே, மேடம்."

"ஆமாம்மா. மனசுல எப்பவும் இருப்பார்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார் அந்த அம்மாள்.

பட்டாசுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வேறு யாருடைய ஃபைலையோ பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தாள். ஆலோசகர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவளுடைய விண்ணப்பம், அவளுடைய போட்டோ. 'என்னைப் பற்றி' என்ற கட்டுரையின் முதல் வரி: என் தந்தையை ஒரு லிஃப்ட் கொன்றது.

அவள் எழுதிக் கொடுத்தது அது இல்லை. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் மண்ணைக் கவ்வியதையும், பிறகு வெறி பிடித்தமாதிரி படித்துப் பள்ளியிலேயே முதலாவதாக வந்ததையும்தான் அவள் எழுதியிருந்தாள். நாலு தடவை அடித்துத் திருத்தி, ஒவ்வொரு வரியையும் தானே யோசித்து எழுதியது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவர் அம்மாவின் தம்பி. இன்டர்நெட் சென்டர் வைத்திருப்பதால் சொந்தபந்தம் முழுக்க அவருக்குக் கம்ப்யூட்டர் மாமா என்று பெயர்.

வெளியே வந்ததும் மாமாவுக்குப் போன் போட்டாள். அவர் குரலில் குற்ற உணர்ச்சி மருந்துக்குக்கூட இல்லை.

"நான்தான் மாத்தினேன். நீ எழுதினது சப்புன்னு இருந்துச்சு. ஃபெயிலாகி பாஸான கதையை ஆயிரம் பேர் எழுதுவான். அப்பா உயிரோட இருக்கிறவங்க கட்டுரையை எவன் படிக்கிறான்?"

"அதுக்காக ஒரு மனுஷனைச் சாகடிப்பீங்களா?"

"பேப்பர்லதானே சாகடிச்சேன்! சீட்டு கிடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லு."

கிடைத்தது. அதுதான் வயிற்றெரிச்சல். மார்க்குக்குக் கிடைத்ததா, சாவுக்குக் கிடைத்ததா? இனி ஆயுசுக்கும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. பட்டம் வாங்கினாலும், வேலைக்குப் போனாலும், இந்தக் கேள்வி கூடவே வரும். போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது.

அப்போதுதான் கட்டுரையில் படித்த இன்னொன்று உறைத்தது. லிஃப்டுக்கு அடியிலிருக்கும் குழிக்குள் இறங்கினவர் அங்கிருந்த ஸ்டாப் சுவிட்சை அமுக்க மறந்தார், கீழ்த்தளத்தில் யாரோ பொத்தானை அழுத்த லிஃப்ட் அவர்மேல் இறங்கியது என்று இருந்தது. மாமாவுக்கு லிஃப்டில் ஏறத் தெரியும், இறங்கத் தெரியும். அவ்வளவுதான்.

"குழிக்குள்ள சுவிட்ச் இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

மாமா கொஞ்சம் இழுத்தார். "நான் கயிறு அறுந்துச்சுன்னுதான் எழுதியிருந்தேன். அப்படியெல்லாம் அறாது, நாலஞ்சு கயிறு இருக்கும், படிக்கிறவன் சிரிப்பான்னு உங்கப்பாதான் திருத்திக் கொடுத்தார்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கல்லூரியில் சேர்க்க வந்த அன்றைக்கு அம்மாவும் மாமாவும்தான் வந்தார்கள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்றார்கள், நம்பினாள். செத்தவர் எப்படி வருவார்!

நாலு நாள் அப்பாவின் போனை அவள் எடுக்கவே இல்லை. சனிக்கிழமை காலை அவரே வந்துவிட்டார். அவள் படியிறங்கி வரும்போதே விடுதிக் காப்பாளர் அம்மாள் முகமலர்ச்சியோடு சொன்னார்: "உங்க பெரியப்பா வந்திருக்கார்மா. நல்ல மனுஷன். அப்பா இல்லாத குறையே தெரியாது உனக்கு."

மேஜைமேல் பார்வையாளர் நோட்டு விரிந்து கிடந்தது. உறவுமுறை என்ற கட்டத்தில், அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்தில், பெரியப்பா. பக்கத்தில், அவள் அறைக்கென்று தானே வயர் பூட்டிக் கொண்டுவந்த பிளக் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார்.

பட்டாசு வெடித்தது.

"சுவிட்சை அமுக்க மறந்தீங்களா? இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது மறந்திருக்கீங்களா?"

"மெதுவாப் பேசு பாப்பா."

"சொல்லுங்க!"

"வேற எப்படி எழுதறது? கூட வேலை செய்யறவன் மறந்தான்னு எழுத மனசு வரலை. அவன் பிள்ளைகுட்டிக்காரன்."

பொய்ச் சாவிலும் பழியைத் தானே சுமக்கிற மனுஷன். அவளுக்கு அழுகை முட்டியது. கோபம் அதைவிட அதிகமாக முட்டியது.

"உனக்குக் கொடுக்க என்கிட்ட வேற என்ன இருக்கு பாப்பா?" என்றார் அப்பா.

"ஒண்ணும் கொடுக்க வேணாம்! என்கிட்ட மார்க் இருந்துச்சு. மாமா நம்பலை, சரி. நீங்களுமா நம்பலை?"

அப்பா பிளக் பெட்டியின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். நம்பவில்லை என்பதற்கு அதைவிட வேறு பதில் வேண்டியதில்லை. காப்பாளர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பட்டாசு நோட்டை அப்பா பக்கம் திருப்பிவிட்டுப் பேனாவை எடுத்து அவர் முன் நீட்டினாள். "திருத்தறதுல நீங்க கெட்டிக்காரராச்சே. இதையும் திருத்துங்க."

"சீட்டு போயிடும்டி."

"அது எனக்குக் கொடுத்த சீட்டு இல்ல. அப்பா செத்தவளுக்குக் கொடுத்தது. அவ யாருன்னே எனக்குத் தெரியாது."

அப்பா பிளக் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். வெகுநேரம் குனிந்தபடியே நின்றார். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேனாவைத் திருப்பிக் கொடுத்திருப்பார். அவள் சொல்லவில்லை. அவர் பெரியப்பாவை அடித்துவிட்டு அதன்மேல் அப்பா என்று எழுதினார்.

காப்பாளர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். அப்புறம் அவர் முகத்திலிருந்த மலர்ச்சி போனது. போனை எடுத்துக் கல்லூரி அலுவலகத்து எண்ணை அழுத்தினார்.