தீவைத் திட்டிய சின்னவள்

சின்னவளுக்குத் தீவு பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்னால் போதாது, அதைப் பார்த்தாலே அவள் மூக்கு தானாகச் சுருங்கியது. குளிர் முடிகிற சமயத்தில் கணவனோடு வந்து இறங்கினாள். துரு ஏறிய வாசல் கதவு, எந்நேரமும் பாதி ஈரமாகவே கிடக்கும் தலையணை உறை, கூரையில் குடியேறிக்கொண்டு விடிவதற்கு முன்பே சண்டையைத் தொடங்கிவிடும் கடற்பறவைகள், இவைதான் அவள் புதுக் குடித்தனத்தின் சீர்வரிசை. தெற்குக் கடலோரத்துத் தீவு என்றதும் தோழிகளெல்லாம் கொடுத்துவைத்தவள் என்று பெருமூச்சு விட்டார்கள். அவர்களை ஒரு வாரம் இங்கே குடிவைத்தால் பெருமூச்சு வேறு விதமாக வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

வசந்தம் வந்தது. பாறை இடுக்குகளில் மஞ்சள் பூ பூத்தது. ஊரே பெயிண்ட் டப்பாவும் கையுமாகக் கிளம்பிப் படகுகளுக்கும் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் வர்ணம் அடிக்க ஆரம்பித்தது. அழகாக இருக்கிறது என்றான் கணவன். துரு மேலே பச்சை பூசினால் அதற்குப் பேர் வசந்தமா என்று கேட்டாள் சின்னவள்.

அவன் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையத்தில் என்ஜினியர். ஊரில் அவனுக்குத் 'தண்ணி சார்' என்று பேர். வேலை அவன் நாக்கில் ஏறிவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்தும் ஒரு வாய் தண்ணீரை எடுத்து, கண்ணை மூடி, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டி, விழுங்கி, இன்றைக்குக் கொஞ்சம் இனிப்பு தூக்கல் என்பான். சின்னவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. நகரத்தில் பெரிய கண்ணாடிக்கடையில் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தவள், இங்கே ஆஸ்பத்திரியின் பின்னறையில், விளக்கெரியும் எழுத்துப் பலகையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வருகிறவர்கள் பெரும்பாலும் மீன்பிடிக்கிறவர்கள். கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னால், நான் என்ன மாடா என்று மீசையைத் தடவுவார்கள். அடுத்த வாரமே, கடலில் விழுந்துவிட்டது என்று அசடு வழிய வந்து நிற்பார்கள்.

சாயங்காலமானால் சின்னவள் போனைச் சமையல் மேடைச் சுவரில் சாய்த்துவைப்பாள். காய் நறுக்கிக்கொண்டே அக்காவிடம் அன்றைய கணக்கைத் தீர்ப்பாள். மீனெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு தெளிவாகப் பார்ப்பதால்தான் வலையில் ஒன்றுமே விழுவதில்லை என்பாள். வீட்டுக்காரம்மாள் சிரித்தால் வாடகை ஏறும் என்பாள். வலை தைக்கிற கூடத்தில் மேஸ்திரியாக இருக்கும் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்தாள். அந்தம்மாள் வாயைத் திறந்தால் ஊர்ச் செய்தி முடிந்து வானிலையும் சொல்லித்தான் மூடுவாள். புருஷனையும் விட்டுவைக்கவில்லை, அவனுக்கு 'ஜடம்' என்று பேர். சின்னவளின் போன் வந்தால் பெரியவள் வீட்டில் டிவியை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் போடுவார்கள். அத்தான் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமுவார். "ஐயோ பாவம்டி நீ" என்பாள் பெரியவள்.

ஆனால் பெரியவள் சிரிப்போடு விடுகிற ஆள் இல்லை. அம்மா போன பிறகு தங்கைக்குத் தலை வாரிப் பின்னிவிட்ட கை அது. பழைய கண்ணாடிக்கடைக்கே போய் முதலாளியிடம் பேசி, தங்கை வந்தால் அவள் நாற்காலி அவளுக்கே என்று வாக்கு வாங்கிவிட்டாள். மாடி அறையை ஒழித்து, திரைச்சீலை துவைத்து மாட்டினாள். வெள்ளிக்கிழமை நாங்கள் வருகிறோம், ஞாயிற்றுக்கிழமை மதியப் படகில் எங்களோடு கிளம்பி வந்துவிடு, அவர் அங்கே வேலைக்கு ஒப்புக்கொண்ட மூன்று வருஷத்தையும் முடித்துக்கொண்டு நிதானமாக வரட்டும் என்றாள். சின்னவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

கணவனிடம் அதைச் சொன்னபோது அவன் வாயில் தண்ணீர் இருந்தது. வெகுநேரம் உருட்டினான். விழுங்கினான்.

"உன் இஷ்டம்" என்றான்.

வேண்டாம் என்று அவன் கத்தியிருந்தால்கூட இவ்வளவு பற்றிக்கொண்டு வந்திருக்காது. ஒரு பெண்டாட்டி மூட்டை கட்டுகிறேன் என்கிறாள், இஷ்டமாம் இஷ்டம். போய்த்தான் தீர்வது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை பெரியவள் குதிகால் உயர்ந்த செருப்போடு படகுத்துறையில் இறங்கினாள். பெட்டிச் சக்கரம் பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்குவதற்குள்ளேயே திட்ட ஆரம்பித்துவிட்டாள். துரு, ஈரம், பறவை, பெயிண்ட் நாற்றம். எல்லாம் சின்னவளின் வசனம், ஒரு வார்த்தை மாறவில்லை. தன் பழைய செருப்பை வேறொருத்தி மாட்டிக்கொண்டு எதிரே நடப்பதைப் பார்ப்பது போல இருந்தது அவளுக்கு. தேய்ந்த இடமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

சனிக்கிழமை காலை பெரியவள் ஆஸ்பத்திரிப் பின்னறைக்கும் கூடவே வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு பெரிய மீசைக்காரரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மனுஷர் எழுத்துப் பலகையைப் படிப்பதை நிறுத்திவிட்டு, என் முதுகில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று சின்னவளிடம் மரியாதையாகக் கேட்டார். சின்னவள் அக்காவை வெளியே பெஞ்சில் போய் உட்காரச் சொன்னாள். ஏன் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. முந்தின வாரம் இதே ஆளைப் போனில் வெளுத்து வாங்கியவள் அவள்தான்.

அன்று சாயங்காலம் எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் பச்சை சொட்டும் பிரஷ்ஷோடு வந்தாள். தன் கதவுக்கு அடித்ததில் பெயிண்ட் மீந்திருக்கிறது, உங்கள் கதவுக்கும் ஒரு கை இழுத்துவிடட்டுமா என்று கேட்டாள். அத்தான் வெள்ளை மனசுக்காரர். வாயெல்லாம் பல்லாக எழுந்து கும்பிட்டார்.

"ஓ, ரேடியோ நீங்கதானா? உங்களைப் பத்தி எவ்வளவோ கேட்டிருக்கோம்!"

சின்னவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தம்மாள் அசரவில்லை. பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்துவிட்டு அத்தானை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான்தான். உங்களையும் தெரியுமே. சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறுற ஆளு நீங்கதானே?" பிறகு பெரியவள் பக்கம் திரும்பினாள். "இவங்க 'ஐயோ பாவம்டி'."

கூரை மேல் ஒரு பறவை எதற்கோ கத்தியது.

அந்தம்மாள் சாவகாசமாகச் சொன்னாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். சின்னவளின் சமையல் மேடையும் தன் கட்டிலின் தலைமாடும் அதே சுவரில்தான். முதல் நாள் கேட்டபோது வந்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்றுதான் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. இப்போது சாயங்காலமானால் எதிர்வீட்டுக்காரியும் வந்துவிடுகிறாள். மீனுக்குக் கண்ணாடி கதை நடந்த அன்று அந்த மீசைக்காரரே அங்கேதான் உட்கார்ந்திருந்தார், அவருக்குத்தான் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"உனக்கும் பேரு வச்சிருக்கோம்" என்றாள் சின்னவளிடம். "சுளிப்பு. இந்த மூக்குக்கு வேற என்ன பேரு வைக்கறது? ஆனா ஒண்ணு. வீட்டுக்காரம்மாவைப் பத்தி நீ சொன்னது ரொம்பக் குறைச்சல். அவ அதுக்கெல்லாம் மேல."

சொல்லிவிட்டு, பெயிண்ட் அடிக்கட்டுமா என்று கேட்டதற்குப் பதில் வராததால் தானே சம்மதமாக எடுத்துக்கொண்டு, கதவில் பச்சையை இழுக்க ஆரம்பித்தாள்.

பெரியவள் உள்ளே போய்க் கொதித்தாள். ஒட்டுக்கேட்கிற ஊர், வெட்கம் கெட்ட ஜனங்கள், இங்கேயா குப்பை கொட்டுவது, இந்த நிமிஷமே பெட்டியை எடு என்றாள். அவங்க தலைமாட்டில் போய் நான் கத்தினால் அவங்க காதைக் கழற்றியா வைக்க முடியும் என்று சின்னவள் கேட்டாள். பெரியவள் தங்கையை ஒரு மாதிரி பார்த்தாள். சின்னவளோ கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் அவனும்தான் கேட்டான். அவன் முகத்தில் ஆச்சரியம் என்பது மருந்துக்குக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனுக்கு ஷிஃப்ட். அக்கா துணிகளை அடுக்கிக்கொண்டிருக்க, சின்னவள் நேரே நிலையத்துக்குப் போனாள். பம்ப் அறையில் நீலக் குழாய்கள் வேர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தன. சத்தம் காதை அடைத்தது. அவன் அழுத்தமானி முன்னால் நின்றிருந்தான். கொஞ்சம் தள்ளி, தலை நரைத்த ஆபரேட்டர் எண்ணெய்த் துணியால் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்குக் கேக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டாள்.

"தெரியும். வந்த புதுசுலயே அந்தம்மா சொன்னாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவன் முள்ளைப் பார்த்தான். எதையோ திருகினான்.

"சொன்னா நிறுத்திடுவ. அக்காகிட்ட திட்டி முடிச்ச அன்னிக்குத்தான் நீ சாப்பிடறப்ப என்கூட சிரிச்சுப் பேசுவ. நிறுத்திட்டா எனக்கு அதுவும் போச்சு."

இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு ஒருவன் தினமும் சாப்பாட்டுத் தட்டு முன்னால் காத்திருந்தானா என்று அவள் அவனையே பார்த்தாள். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"அப்ப போகாதேன்னு ஏன் சொல்லல? வாயில தண்ணி இருந்துச்சா?"

"உன்னைக் கேக்காமலே இந்த வேலைக்குச் சரின்னு சொல்லிட்டு வந்தவன் நான்" என்றான். "இருன்னும் நானே சொன்னா, அப்புறம் உனக்குன்னு என்ன இருக்கு?"

"அசடு" என்றாள் சின்னவள். பம்ப் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. ஆபரேட்டருக்குக் கேட்டிருக்க வேண்டும், ஆமோதிப்பது போலத் தலையாட்டினார். அவள் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். பழைய நாற்காலி கண் முன்னே நின்றது, நல்ல நாற்காலி.

மதியப் படகு வந்து நின்றது. வசந்தத்தைப் பார்க்க வந்த கூட்டம் தொப்பியும் கேமராவுமாகக் கொட்டியது. அத்தான் அக்காவின் பெட்டியை ஏற்றினார். ஷிஃப்ட்டைப் பாதியில் ஆபரேட்டர் தலையில் கட்டிவிட்டு வந்திருந்த கணவன், சின்னவளின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு துறை ஓரமாக நின்றான். அதைக் கீழே வைக்கவும் இல்லை, படகில் ஏற்றவும் இல்லை.

"பாரு, நிக்கிறதைப் பாரு" என்றாள் பெரியவள், ஏறுபலகையில் கால் வைத்தபடி. "போகாதேன்னு ஒரு வார்த்தை வருதா அந்த வாயில? ஜடம்டி. சரியான ஜடம்."

சின்னவளுக்குச் சுரீர் என்றது.

"அக்கா, நீ சொல்லாதே."

"நீ சொன்னதுதானேடி?"

"நான் சொல்வேன். அவர் என் வீட்டுக்காரர், நாளைக்கும் சொல்வேன். நீ சொல்லாதே."

பெரியவள் பலகையிலிருந்து காலை எடுத்தாள். தங்கையின் முகத்தையே பார்த்தாள்.

"வரலையா?"

"வரலை."

"இந்தக் குப்பையிலயா இருக்கப் போற?"

"குப்பைதான். எனக்குத் தெரியாதா?"

பெரியவளுக்குக் கண் கலங்கியது. மாடியைப் பெருக்கி, திரைச்சீலையைத் துவைத்து மாட்டி வைத்திருக்கிறேனேடி என்றாள். சின்னவளுக்கும் கலங்கியது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியில் பெரியவள் தங்கை கன்னத்தில் வலிக்காமல் ஒரு தட்டு தட்டினாள். உனக்கு நல்லது என்றைக்குத்தான் பிடித்திருக்கிறது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏறிப் போனாள். இனி அந்தச் சுவருக்குப் பயந்து நீ திட்டாமல் இருந்துவிட்டால் எங்களுக்குச் சாப்பாடு எப்படி இறங்கும் என்று அத்தான் மேலேயிருந்து உண்மையான கவலையோடு கேட்டார். பெரியவள் அவர் முழங்கையில் ஒன்று வைத்தாள்.

படகு துறையை விட்டு விலகியது. கணவன் இன்னும் அதே இடத்தில் அதே பெட்டியோடு நின்றான். அவன் முகம் சிரிக்கலாமா கூடாதா என்று அனுமதிக்குக் காத்திருந்தது.

"என்ன நிக்கிறீங்க? கனக்கலையா? தூக்கிட்டு நடங்க."

அவ்வளவுதான். பெட்டியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவன் கிளம்பினான். எங்கே இவள் மனசு மாறிவிடப் போகிறாளோ என்று பயந்தவன் போல ஒரே வேகம். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடியின் நடுவில் புகுந்தான், படகு கட்டும் கம்பத்தில் இடித்துக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டான், பாதங்கள் இரண்டும் இரண்டு திசைக்கு விலக ஆடி ஆடி மேட்டில் ஏறினான். தொப்பிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கிறதைப் பார், மனுஷன் நடந்தே பார்த்ததில்லை போல என்று சின்னவள் அவர்களை ஒரு பார்வை பார்த்துவைத்தாள்.

கல்யாணம் பேச வந்த அன்று இவனை நாற்காலியில் உட்காரவைத்தே காட்டிவிட்டார்கள், இந்த நடையை ஒருத்தரும் காட்டவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். வாத்து. சாட்சாத் வாத்து. பெட்டியில் பாட்டில்கள் இருக்கின்றன, மெதுவாகப் போங்கள் என்று பின்னாலிருந்து சத்தம் போட்டுவிட்டு, அவனைப் பிடிப்பதற்காகத் தானும் ஓட்டமும் நடையுமாக மேட்டில் ஏறினாள்.