பொம்மைக்கு வலிக்காது

“அரிவாளத் திருப்பிப் புடிச்சு ரெண்டு தட்டு தட்டுனா உதிர்ந்துடும். நீ கைய எடு ரேணுகா” என்றார் மாமனாரின் தம்பி தெய்வசிகாமணி.

ரேணுகா எடுக்கவில்லை. பந்தலில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்த மாமனார் சிவப்பிரகாசத்தின் இடது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிப்பாட்டத் தண்ணீர் வந்துவிட்டது. அரைஞாண் கயிற்றை அறுத்தாகிவிட்டது. உடம்பில் ஒரு கட்டும் இல்லாமல்தான் அனுப்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

“பிரியா பாக்கணும் சின்ன மாமா. அதுவரைக்கும் இருக்கட்டும்.”

“சின்னப் புள்ள இதுல என்னத்தப் பாக்கணும்?”

பெரியவருக்கு எண்பதைத் தொடும் வயது. ராத்திரி கருவாட்டுக் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழவில்லை. கல்யாணச் சாவு என்று ஊரே சொல்லிவிட்டது. மேளக்காரர்கள் தெருவை அதிரவைத்துக் கொண்டிருந்தார்கள். உப்பளத்து ஆட்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினார்கள். பந்தலுக்குள் அழுகையைவிடப் பேச்சுதான் அதிகம்.

“கை எப்படி உடைஞ்சுதாம்?”

“பனைமரத்துலேர்ந்து உழுந்துட்டேன்னாரு.”

“ஏம்பா, எங்கிட்ட மாடு முட்டிடுச்சுன்னாரே!”

“கெடக்கட்டும். எங்கிட்ட சம்பந்தி வூட்டுல அடிச்சுட்டாங்கன்னு சொல்லி டீ வாங்கிக் குடிச்சாரு அந்த மனுசன்.”

ரேணுகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தெருமுனையைப் பார்த்தாள். பாண்டிச்சேரியிலிருந்து வர வேண்டியவர்கள் இன்னும் வரவில்லை.

அவள் மகள் ஜெயப்பிரியாவுக்கு ஏழு வயது. மாசி மாதம் உப்பு லாரி பின்னால் நகர்ந்து இடித்ததில் வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்தது. பாண்டிச்சேரியில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கட்டு போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, கட்டைப் பிரிக்கலாம் என்று டாக்டர் எழுதியும் கொடுத்துவிட்டார். ஆனால் கட்டு அறுக்கும் மிஷின் ‘கிர்ர்’ என்று ஓடத் தொடங்கியதுமே பிள்ளை வெறி பிடித்தாற்போல் கத்தினாள். இரண்டு முறை அப்படியே திரும்பி வந்தார்கள். அடுத்த முறையும் கத்தினால் மயக்க மருந்து கொடுத்துத்தான் அறுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் பயத்தைப் பார்ப்பதற்கென்றே விஜயலட்சுமி என்ற மேடம் இருந்தார். ஒரு பொம்மையின் காலில் மாவுக்கட்டு போட்டு, பிரியாவின் கண்முன்னே அறுத்துக் காட்டினார். எல்லாவற்றையும் உன்னிப்பாகப் பார்த்துவிட்டு பிரியா சொன்னாள்: “பொம்மைக்கு வலிக்காது.”

மூலையில் உட்கார்ந்திருந்த சிவப்பிரகாசம்தான் எழுந்து வந்து கையை நீட்டினார்.

“எனக்கு வலிக்கும்ல? எனக்குப் போடுங்க. ஆனா கண்ணு, தாத்தா பயந்தாங்கொள்ளி. அறுக்கும்போது நீதான் என்னப் புடிச்சுக்கணும்.”

கட்டுப் போடும் மாயவன் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார். நன்றாகக் காயட்டும், திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். பிரியா நீலப் பேனாவில் அதன்மேல் ஒரு மீன் வரைந்தாள். பெரியவர் அதற்குப் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் போய்வந்தார்.

இன்றைக்குச் சனிக்கிழமை.

காலையில் பிரியா தாத்தாவைக் கேட்டபோது ரேணுகாவின் கணவன் மோகன், “கட்டு அறுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு” என்று சொல்லி, அவளைப் பக்கத்து வீட்டு அமராவதியிடம் விட்டுவிட்டான். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னான். எஸ்.டி.டி. பூத்திலிருந்து ரேணுகா போன் செய்தபோது மேடம் பதறிப்போனார்.

“ஐயோ, கட்டு அறுக்கப் போன தாத்தா திரும்பி வரலன்னா, மிஷின்தான் கொன்னுடுச்சுன்னு நெனைக்கும். அப்புறம் அது எந்த டாக்டரையும் நம்பாதும்மா. உண்மையச் சொல்லுங்க. கட்டு கையிலயே இருக்கட்டும், அது பாக்கட்டும். நாங்க வர்றோம்.”

வெயில் ஏறியபோது ஆட்டோ வந்தது. மேடமும் மாயவனும் இறங்கினார்கள். மாயவன் தோளில் ஒரு பை.

“சொல்லிட்டீங்களா?”

“நீங்களே சொல்லுங்க மேடம். எனக்கு வாய் வரல.”

“நான் வேத்தாளு. நீங்கதான் சொல்லணும். தூங்குறாரு, சாமிகிட்ட போயிட்டாருன்னெல்லாம் வேணாம். பக்கத்துல நிக்கிறேன்.”

அமராவதி வீட்டு நடையில் பிரியா கட்டுக்காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரேணுகா எதிரே குந்தினாள்.

“பிரியா, தாத்தா செத்துப்போயிட்டாரும்மா. அப்பா சொன்னது நெசமில்ல. ராத்திரி படுத்தவரு அப்படியே போயிட்டாரு.”

பிரியா தன் கட்டுக்காலைப் பார்த்தாள். “மிஷினு வெச்சாங்களா?”

“இல்ல. கட்டு அப்படியே இருக்குது. நீயே வந்து பாரு.”

ரேணுகா தூக்கிக்கொண்டு வந்தாள். பந்தலில் கூட்டம் விலகியது. பிரியா முதலில் மீனைத் தேடினாள். இருந்தது. விரலால் கட்டைத் தட்டிப் பார்த்தாள்.

“இப்போ அறுத்தா தாத்தாவுக்கு வலிக்குமா?”

“வலிக்காது. இனிமே எதுவும் வலிக்காது” என்றார் மேடம்.

“பொம்மை மாதிரியா?”

வலிக்கும் கை என்று காட்டத்தானே பெரியவர் நீட்டினார், அதுவும் போயிற்று என்று நினைத்தாள் ரேணுகா. பொய் சொல்ல மேடமும் தயாரில்லை. “ஆமாம்மா” என்றார்.

பிரியா யோசித்தாள். பிறகு தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“புடிச்சுக்கிறேன்னு சொல்லியிருக்கேன். அறுங்க.”

அதுவரை பெரியவரை வைத்திருந்த ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாயவன் மிஷினைச் சொருகினார். கிர்ர் என்றது. மேளம் நின்றது. பிரியா கண்களை இறுக்கி மூடினாள். விரலை மட்டும் விடவில்லை. உப்புத்தூள் மாதிரி வெள்ளைப் பொடி பறந்தது. கட்டு இரண்டாகப் பிளந்து, வெயிலில் கறுத்த உடம்போடு சேராமல் மாவு படிந்து வெளுத்த கை வெளியே வந்தது. மேலே ஒரு கீறல் இல்லை.

தெய்வசிகாமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க உடைஞ்சுது?”

“உடையவே இல்ல சின்ன மாமா. பிரியாவுக்காகப் போட்டுக்கிட்டது.”

“அடப்பாவி! மாடு முட்டுச்சுன்னு சொன்னியேடா அண்ணா! அந்த மாட்டுக்காரன்கிட்ட நான் சண்டைக்குல்ல போனேன்!”

பந்தலே சிரித்தது. பிரியா கண்ணைத் திறந்தாள். மாயவன் ஓடுகிற மிஷினைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “இது சுத்தாது பாப்பா. ஆடும், அவ்வளவுதான். கட்டியா இருக்குறத மட்டும்தான் அறுக்கும்.”

அவள் ஒரு விரலை நீட்டினாள். இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள்.

“அய்ய! கூசுது!”

“எங்க, எனக்கு வை பாப்போம்” என்று தெய்வசிகாமணி கையை நீட்டினார். பட்டதும் துள்ளினார். அவருக்குப் பின்னால் மேளக்காரர் ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால் அமராவதி. பிரியா ஒவ்வொருவர் விரலாகப் பிடித்துக்கொண்டு, “பயப்படாதீங்க, நான் இருக்கேன்” என்றாள்.

எல்லோருக்கும் ஆனபிறகு, தானே பெஞ்சின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள்.

மாயவன் மேடத்தைப் பார்த்தார். “டாக்டர் எழுதிக் குடுத்ததுதானே, அறுங்க” என்றார் மேடம். “திங்கக்கிழமை கொண்டாந்து காட்டிடுங்க ரேணுகா. இப்போதைக்கு மெதுவா ஊனலாம்.”

ரேணுகா மகளின் விரலைப் பிடிக்கப் போனாள். அந்தக் கை ஏற்கெனவே தாத்தாவின் கையைப் பிடித்திருந்தது.

மத்தியானம் பாடை கிளம்பியது. கொள்ளிச்சட்டியோடு மோகன் முன்னால் போனான். மேளம் உப்பளத்துப் பாதையில் திரும்பித் தேய்ந்தது. பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள்.

இறைத்த பொரி தெருவெல்லாம் கிடந்தது. பிரியா அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, மெலிந்த வலது காலை ஒரு பொரியின் மேல் வைத்தாள். அது நொறுங்கியது. குனிந்து பார்த்தாள். கொஞ்சம் தள்ளிக் கிடந்த அடுத்த பொரிக்குக் காலை எட்டினாள்.