நியூட்ரலில் சுற்றிய விசிறி

பத்தாவது முறை இழுத்தும் இஞ்சின் உறுமவில்லை. வீரகத்தி கயிற்றை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தார். அவருடைய பட்டறை நான்கு மரத்தூணும் ஒரு தகரக் கூரையும்தான். நடுவில் தண்ணீர் நிரப்பிய பீப்பா. அதன் விளிம்பில் கட்டிய பலகையில் பதினைந்து குதிரைவலு இஞ்சின் தொங்கியது. விசிறி தண்ணீருக்குள் இருந்தது.

பிளக் இரண்டையும் கழற்றித் துணியால் துடைத்தார். காபரேட்டரின் அடி ஆணியைத் திருகி, வடிந்ததை ஒரு போத்தல் மூடியில் பிடித்தார். மேலே மண்ணெண்ணெய், அடியில் உப்புத்தண்ணீர் தனியாக நின்றது. அலையில் புரண்ட இஞ்சின் வேறெப்படி இருக்கும்?

"அதைப் பிறகு பார். முதல்ல இதைப் போடு" என்றார் நல்லதம்பி முதலாளி. முள்ளிவாய்க்கால் கரையில் எட்டுப் படகு வைத்திருக்கும் மனிதர். லான்ட்மாஸ்டர் உழவு வண்டியின் பெட்டியில் இஞ்சினை ஏற்றி வந்து இறக்கியவர், இப்போது சட்டைப் பையிலிருந்து சின்ன மட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "வெட்டின பூட்டுக்கும் ஒரு புதுத் துண்டு உள்ளுக்க கிடக்கு. மூண்டு மணிக்கு விசாரணைக்குக் கடற்றொழில் கந்தோரால வருவினம். அதுக்கிடையில எல்லாம் ஒழுங்கா இருக்கோணும்."

வீரகத்தி பெட்டியைத் திறந்தார். விரல் நீளத்தில் பளபளவென்று ஒரு பித்தளை மூட்டு. அதை விரலில் உருட்டிப் பார்த்தார்.

கியர்ப் பிடியிலிருந்து அடியில் இருக்கும் பல்லுச்சக்கரத்துக்கு இறங்கும் கம்பி இரண்டு துண்டு. இரண்டையும் சேர்ப்பது இந்த மூட்டு. தை மாதத்தில் பழைய மூட்டின் மரை தேய்ந்து கம்பி நழுவத் தொடங்கியது. புது மூட்டு வேண்டும் என்று வீரகத்தி சொன்னார். கொழும்பிலும் இல்லையாம், இப்போதைக்குக் கட்டிவிடு என்றார் முதலாளி. செப்புக் கம்பியாலும் வலை நூலாலும் வீரகத்தி இறுக்கிக் கட்டினார். அதே கிழமை, கியரில் நிற்கும்போது இஞ்சினைத் தொடங்கவிடாமல் தடுக்கும் பூட்டும் உப்புப் பிடித்து இறுகியது. நியூட்ரலில் வைத்தாலும் கயிறு வரவில்லை. வெட்டி எறி, தொழில் கெடுது என்றார் முதலாளி. வீரகத்தி குறட்டால் வெட்டினார். கட்டு ஒரு நூல் இளகினாலும் பிடி நியூட்ரலைக் காட்டும், விசிறி கியரில் நிற்கும். அது அவருக்குத் தெரியும். படகோட்டும் தர்ஷனிடம் சொல்லியும் விட்டார். "தம்பி, பிடியை நம்பாத. தண்ணியப் பாத்துத்தான் இறங்கு."

நான்கு மாதம் தர்ஷன் தண்ணீரைப் பார்த்துத்தான் இறங்கினான். போன செவ்வாய்க்கிழமை கரைக்குக் கிட்ட விசிறியில் வலை சுற்றி இஞ்சின் நின்றது. நின்ற இஞ்சினில் தண்ணீரைப் பார்த்து என்ன தெரியும்? பிடியை நியூட்ரலில் வைத்துவிட்டுப் பின்னால் இறங்கி வலையை அறுத்தான். கரையில் மீன் லொறி நின்றது. "இழுடா, லொறி போகப்போகுது!" என்று கத்தினார் முதலாளி. படகில் நின்ற உதவியாள் கிருசாந்தன் கயிற்றை இழுத்தான். நனையாத இஞ்சின் அன்றைக்கு ஒரே இழுவையில் தொடங்கிற்று, விசிறி சுழன்றது. தர்ஷனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓட, படகு அலையில் புரண்டது. தர்ஷனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பெட்டிக்கு அடியில் மடித்த பற்றுச்சீட்டு ஒன்று கிடந்தது. வீரகத்தி விரித்துப் பார்த்தார். மாசி மாதம் பதினோராம் திகதி. இப்போது வைகாசி.

"மாசியிலயே வாங்கிட்டியள்?"

"அதுக்கென்ன?"

"இல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்."

"புதுப் படகுக்கெண்டு எடுத்து வச்சனான். ஓடுற இஞ்சினுக்கு என்னத்துக்குப் புதுச் சாமான்? நாலு மாசம் ஓடினதுதானே." முதலாளி லான்ட்மாஸ்டரில் ஏறினார். "கதைச்சுக்கொண்டு நிக்காத. அவன் கியரில விட்டிட்டு இறங்கினவன். அதுதான் நடந்தது."

வண்டி ஒழுங்கையைத் தாண்டும்வரை வீரகத்தி அசையவில்லை.  இந்த விரல் நீளச் சாமான் மூன்று மாதமாக முதலாளியின் அலுமாரியில் தூங்கியிருக்கிறது. பற்றுச்சீட்டைத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார்.

பதினொரு மணிபோல சுரேகா வந்தாள். தர்ஷனின் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவள், தண்ணீர்கூடக் கேட்காமல் நேராக இஞ்சினிடம் போய், மூடி கழன்றிருந்த இடத்தில் குனிந்து பார்த்தாள். வலை நூல் கட்டு அப்படியே இருந்தது.

"அவிழ்க்கேல்லைத்தானே அண்ணை?"

"இன்னும் இல்லைப் பிள்ளை."

"இன்னும் இல்லையோ? அப்ப அவிழ்க்கப் போறியளோ?"

வீரகத்தி மேசையிலிருந்த பெட்டியைக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் பெட்டியைத் தொடவில்லை.

"இதைக் கட்டினது நான். பூட்டை வெட்டினதும் நான்" என்றார். "காட்டினா என்ர பேரும் எழுதுப்படும். இந்தக் கரையில பாதி இஞ்சின் அவற்ர. பிறகு ஒருத்தரும் இஞ்ச வரமாட்டினம்."

"எழுதட்டும்!" சுரேகாவின் குரல் தகரத்தில் பட்டுத் திரும்பியது. "கவனமில்லாம விட்டவர் எண்டு எழுதினா அவருக்கு ஒரு சதமும் கிடைக்காது. நாளைக்கு ஒருத்தரும் வேலைக்கும் எடுக்கமாட்டினம். நித்திரையிலயும் 'நியூட்ரலிலதான் விட்டனான், நியூட்ரலிலதான் விட்டனான்' எண்டு புலம்புறார். அவர் காலைக் குடுத்திட்டார். நீங்கள் பேரைக் குடுங்கோ."

வீரகத்தி இஞ்சினிடம் திரும்பினார். பிளக் இரண்டையும் அடுப்புச் சூட்டில் காயவைத்துத் திரும்ப மாட்டினார். டாங்கியின் பழைய எண்ணெயை வெளியே ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினார். பெற்றோலைக் கொஞ்சம் விட்டு இழுத்தார். மூன்றாவது இழுவையில் இருமிக்கொண்டு தொடங்கியது. இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். வலை நூலை அவர் தொடவில்லை. பெட்டி மேசையிலேயே கிடந்தது.

மூன்று மணிக்கு உத்தியோகத்தர் வந்தார். கையில் கோப்பு, முகத்தில் வெயில். கூடவே முதலாளியும் வந்தார். பெட்டி வைத்த இடத்திலேயே இருப்பதைக் கண்டதும் அவருடைய கண் சுருங்கியது.

"பிடி எங்க நிக்குது எண்டு பாருங்கோ ஐயா" என்றார் வீரகத்தி.

உத்தியோகத்தர் குனிந்தார். "நியூட்ரலில."

வீரகத்தி இழுத்தார். இஞ்சின் தொடங்கிய அதே நொடியில் பீப்பாவின் தண்ணீர் சுழன்று எழும்பி உத்தியோகத்தரின் காற்சட்டையை முழங்கால்வரை நனைத்தது. அவர் துள்ளிப் பின்வாங்கினார். வீரகத்தி நிறுத்தினார்.

"இதுதான் ஐயா நடந்தது" என்றாள் சுரேகா.  மூன்று நாளில் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

உத்தியோகத்தர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "உந்த நூலைக் கட்டினது ஆர்?"

"நான்தான் ஐயா."

"பூட்டை வெட்டினது?"

"அதுவும் நான்தான். முதலாளி சொல்லித்தான் செய்தனான்."

"சொன்னதுக்கு எழுத்தில ஏதும் இருக்கோ?"

"கரையில ஆர் ஐயா எழுத்தில சொல்லுறது?" வீரகத்தி பைக்குள்ளிருந்து பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினார். "இதைப் பாருங்கோ. மாசியிலயே சாமானை வாங்கிப்போட்டு இல்லையெண்டு சொன்னவர்."

உத்தியோகத்தர் வாசித்தார்.  முதலாளி மேசைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார்.

"ஓம் ஐயா, மாசியிலதான் வாங்கினனான். வாங்கி இவனிட்டத்தான் குடுத்தனான். இந்தா, இவன்ர மேசையில கிடக்கு. சீட்டு இவன்ர சட்டைப் பைக்குள்ள கிடக்கு. மூண்டு மாசமாப் போடாம வச்சிருந்திருக்கிறான். என்ர பெடியன்ர கால் போச்சே ஐயா!"

 "பொய்! இண்டைக்குக் காலமை..." என்று வீரகத்தி தொடங்கினார்.  காலையில் முதலாளியின் லான்ட்மாஸ்டர்காரனைத் தவிரப் பட்டறையில் வேறு ஆள் இருக்கவில்லை.

"அண்ணை சொல்லுறதுதான் உண்மை ஐயா" என்று சுரேகா முன்னால் வந்தாள். "பதினொரு மணிக்கு நான் வரேக்க எல்லாத்தையும் சொன்னவர்."

"சொன்னவர். நீங்கள் காணேல்லைத்தானே அம்மா?" உத்தியோகத்தரின் குரலில் கோபம் இல்லை. நனைந்த காற்சட்டையை ஒரு கையால் பிழிந்துகொண்டே எழுதினார். "உங்களுக்கு இது நல்லதுதான். கணவரில பிழையில்லை எண்டு எழுதுறன். பழுதுபார்த்தவரின் கவனயீனம். நட்டஈட்டை இனி இவரிட்டத்தான் கேக்கோணும். இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

"இவரிட்டயோ?" சுரேகா தகரக் கூரையைப் பார்த்தாள். பீப்பாவைப் பார்த்தாள். வீரகத்தியின் கிரீஸ் படிந்த சாரத்தைப் பார்த்தாள். "இவரிட்ட என்ன இருக்கு? அந்தா நிக்கிறவரின்ர பேரை எழுதுங்கோ!"

"அவற்ர பேர் முதலே இருக்கு அம்மா."

அவள் கடதாசியைப் பறித்தாள். மேலேயிருந்து வாசித்தாள், ஒவ்வொரு சொல்லாக, ஊருக்கே கேட்கும்படி.

"பாதிக்கப்பட்டவர்: க. நல்லதம்பி, படகு உரிமையாளர். சேதம்: விசிறியின் ஒரு இலை வளைந்தது."

கீழே தேடினாள். தர்ஷனின் பெயர் 'இயக்கியவர்' என்ற இடத்தில் இருந்தது. கால் எந்த இடத்திலும் இல்லை. பேனையை அவள் வாங்கவில்லை.

முதலாளி பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். புதுக்குடியிருப்பில் வேறு ஆள் இருக்கிறான், விடியக் கடலுக்குப் போகவேண்டும் என்று லான்ட்மாஸ்டர்காரனிடம் சொன்னார். இருவருமாக இஞ்சினைப் பீப்பாவிலிருந்து தூக்கிப் வண்டிப் பெட்டியில் கிடத்தினார்கள். முதலாளி தோளில் கிடந்த துவாயை எடுத்து, விசிறியைச் சுற்றித் தண்ணீரைத் துடைத்தார். பிறகு வளைந்த இலையின் நுனியைப் பெருவிரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.