பழைய கடிதத்தின் மேல் ஒரு விண்ணப்பம்

“யாரைக் கேட்டு வேற வேலைக்கு எழுதிப் போட்டே?”

“இன்னும் போடவே இல்லண்ணா! எழுதிட்டுதான் இருந்தேன்.”

“நீ எழுதினதையெல்லாம் அந்த மருந்து கம்பெனிக்காரர் உட்கார்ந்து படிச்சிருக்காரு! ‘உங்க தங்கச்சி போயிட்டா எங்க வேலையை யாரு பார்ப்பா’ன்னு போன்ல கேக்கிறாரு. மானம் போச்சு!”

கீழ்வீட்டுச் சண்டையைக் கேட்கத்தான் நான் படியில் நின்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கையில் துடைப்பம் இருந்தது. படியும் அழுக்காகத்தான் இருந்தது.

அண்ணன்காரர் முன்னறையில் மொழிபெயர்ப்பு ஆபீஸ் நடத்துகிறார். பலகையில் அவர் பெயர், மொழிபெயர்ப்பதெல்லாம் தங்கை. பதினோரு வருஷமாக அவளுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. புதுக் கடிதம் வேண்டுமென்றால் பழையதைத் திறப்பாள், அதன் மேலேயே அடிப்பாள், முடித்ததும் வேறு பெயரில் சேமிப்பாள். பழையது பழையபடியே இருக்கும். கை தானாகச் செய்கிற காரியம்.

சண்டைக்கு முந்தின மாதம்தான் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு அண்ணன் எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றினார். “இனிமே அதுவே சேமிச்சுக்கும்” என்று தெருவெல்லாம் பெருமை. தங்கைக்கு அது காதில் விழுந்தது, கைக்குப் போய்ச் சேரவில்லை.

வெளியூர்ப் பதிப்பகம் ஒன்றில் வேலை காலி என்று தெரிந்ததும், வழக்கம்போல மருந்து கம்பெனிக் கடிதத்தைத் திறந்து அதன் மேலேயே விண்ணப்பத்தை அடித்திருக்கிறாள். சரிபார்ப்பதற்காக இணையத்தில் அந்தக் கம்பெனிக்காரருக்கும் திறந்து வைத்திருந்த கடிதம் அது. அவர் பார்க்கப் பார்க்க வரிவரியாக வளர்ந்திருக்கிறது. வேலையை விடுவதற்குக் காரணம், ‘இங்கே மூச்சு முட்டுகிறது’ என்று அடித்துவிட்டு அழித்தாளே, அதுகூட அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“நான் செஞ்ச மொழிபெயர்ப்பு மூணு அனுப்பணுமாம். நாளைக்குக் கடைசி நாள். அதை மட்டும் எடுத்துக்கிறேண்ணா.”

“எடுப்பே, எடுப்பே! பாஸ்வேர்டை மாத்தியாச்சு.”

“அது நான் செஞ்சதுண்ணா!”

“செஞ்சது நீ. இருக்கிறது என் கணக்குல.”

“குடுத்துடுங்களேன், பாவம்” என்றது அண்ணியின் குரல்.

“நீ உள்ள போ.”

மறுநாள் கழிந்தது. மூன்றாம் நாள் வேலை குவிந்துவிட்டதால் புதுப் பாஸ்வேர்டை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அவரே தங்கையின் மேசையில் வைத்தாராம். அவளும் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாளாம். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊர் ரயிலில் எட்டு மணி நேரம். “தப்பிச்சிட்டா” என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்.

போன வாரம் அண்ணியைக் கடையில் பார்த்து, “ஆபீஸ் வேலைக்கு இப்ப யாரு?” என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன்.

“வேற யாரு, அவதான். காலையில ஏழு மணிக்கு அவ பேரு திரையில வரலேன்னா இவரு போனைத் தூக்கிடுவாரு.”

புகுந்த வீட்டில் ஜன்னலோரம் அவளுக்கு ஒரு மேசை போட்டிருக்கிறார்களாம். அண்ணன் வாங்கி அனுப்பியதாம்.