நடு வால்வு

அக்காவை அக்கா என்று கூப்பிட உலகத்தில் தனக்கு மட்டும்தான் உரிமை என்று சின்னவள் நினைத்திருந்தாள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்த மறுநாளே, "அக்கா, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்றபோது கூடப் பிறந்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

பத்து வருடம் அக்காவும் தங்கையும் ஜோடியாக ஆழ்கடலில் இறங்கி, மூழ்கிய கப்பல்களை அளந்து படமெடுத்து வந்தவர்கள். செவிப்பறை கிழிந்ததும் டாக்டர் சின்னவளைக் கரையில் உட்கார வைத்துவிட்டார். இப்போது பட்டறையில் வால்வுகளைப் பழுது பார்ப்பதும் மூச்சுக்காற்று சிலிண்டர் நிரப்புவதும் அவள் வேலை. அக்காவோடு இறங்குவது நெட்டை. போதாக்குறைக்கு நிரப்பும் வேலையிலும் நெட்டை மூக்கை நுழைக்கத் தொடங்கியிருந்தாள்.

அக்கா முதுகில் சுமப்பது இரட்டைச் சிலிண்டர்; ஆழத்துக்குப் போகும்போது அதில் ஆக்சிஜனைக் குறைத்து ஹீலியம் கலந்து நிரப்புவார்கள். இரண்டையும் மேலே ஒரு குறுக்குக் குழாய் இணைக்கும். குழாயின் நடுவே ஒரு வால்வு. அது திறந்திருந்தால் இரண்டும் ஒன்று, மூடினால் தனித்தனி. அந்த இணைப்பைப் பூட்டியவள் சின்னவள். தான் போக முடியாத ஆழத்துக்குத் தன் சார்பில் அதுவாவது போய்வருகிறதே என்று அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

நெட்டை அதிலும் கை வைத்தாள்.

"இந்த இணைப்பே வேண்டாம்க்கா. ரெண்டு சிலிண்டரும் தனித்தனியா இருக்கட்டும். ஒண்ணுல கோளாறுன்னா இன்னொண்ணு முழுசா மிஞ்சும். இதுல ஹீலியம் வேற கசியுது. ராத்திரிக்குள்ள அழுத்தம் எட்டு பார் இறங்கிடுது."

"கசிவெல்லாம் இல்ல. சூடா நிரப்பினா ஆறும்போது அழுத்தம் குறையத்தான் செய்யும்" என்றாள் சின்னவள்.

"அதுக்காக எட்டா?" என்று நெட்டை மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த மரியாதைதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ரெண்டு பேரும் வாய்ச்சண்டை போடாதீங்க. சோதிச்சுப் பாரு, சின்னவளே" என்றாள் அக்கா. "கசிஞ்சா நெட்டை சொல்றபடி கழட்டிடலாம்."

அன்று மாலை சின்னவள் சோதித்தாள். எப்படி? அந்த இரட்டைச் சிலிண்டர் செட்டில் அப்போது முழுதாக இருந்தது மேல்தண்ணீர்ப் பயிற்சிக்கான கலவை. ஆக்சிஜன் அதிகம், ஹீலியம் துளிகூட இல்லை. காற்று நுழையாத இடுக்கிலும் ஹீலியம் நுழைந்து வெளியேறிவிடும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் அந்தக் கலவையை வைத்தே சோதித்தாள். தோற்க மனமில்லாதவள் வேறெப்படிச் சோதிப்பாள்? பக்கத்துக்கொரு அழுத்தமானியை மாட்டி, நடு வால்வை மூடினாள்.

நடு வால்வை யார் மூடினாலும் அதில் சிவப்பு அட்டை தொங்கவிட வேண்டும். அது பட்டறைச் சட்டம். அவளே எழுதிச் சுவரில் ஒட்டியது. அட்டையைக் கையில் எடுத்தாள். 'எல்லாம் தெரிஞ்ச மகாராணி காலையில என்கிட்ட வந்து கேட்டுட்டுத் தொடட்டுமே' என்று அதைத் திரும்ப இழுப்பறையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்தபோது மேசையில் இரண்டு மானிகள் மட்டும் கிடந்தன. செட் இல்லை. பலகையில் நெட்டையின் எழுத்து: 'பழைய கலவை வெளியேற்றி நிரப்பியாச்சு. வலது பக்கம் சோதித்தது. ஆக்சிஜன் 15, ஹீலியம் 55. ஆழம் 70.'

சின்னவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன பயன்? மகாராணி வசமாக மாட்டிக்கொண்டாள் என்று ஒரு நொடி உச்சி குளிர்ந்தது. அடுத்த நொடி கணக்கு புரிந்தது. நெட்டை வலது பக்கத்தைத்தான் காலி செய்து நிரப்பியிருக்கிறாள். இடது சிலிண்டரில் பழைய கலவை அப்படியே இருக்கிறது. மானியில் பார்த்தால் முழுதாகத்தான் காட்டும். எழுபது மீட்டரில் அத்தனை ஆக்சிஜன் நஞ்சு; அதைச் சுவாசித்தால் வலிப்பு வரும். தண்ணீருக்கடியில் வலிப்பு வந்தால் வாயில் கவ்விய மூச்சுக்குழாய் நழுவும். அதற்குமேல் அவள் நினைக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் படகுத்துறைக்கு ஓடினாள்.

அக்கா முழு உடுப்பில் படகின் பலகையில் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் பேச மூச்சில்லாமல் பின்னால் கையை விட்டு நடு வால்வைத் திறக்கும் பக்கம் திருப்பினாள். முழுக்கத் திறந்திருந்தால் அசையவே கூடாத அந்தத் திருகு ஒரு சுற்று சுற்றியது, இரண்டாவது சுற்று, மூன்றாவது. அதற்கு என்ன அர்த்தம் என்று படகில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

நெட்டையின் முகம் வெளுத்துவிட்டது.

"நான் வால்வைத் தொட்டுப் பாக்கலக்கா. தப்பு என்னுது."

அக்கா நெட்டையைப் பார்த்தாள். இத்தனை மாதமாகச் சின்னவள் காண ஏங்கிய பார்வை அதுதான். வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், அக்கா முழுசாகத் திரும்பக் கிடைத்துவிடுவாள். ஆனால் இவள் தப்பை ஒப்புக்கொள்வதில்கூட முந்திக்கொண்டாளே என்று பொறுக்கவில்லை.

"மூடினது நான்தான். அட்டை மாட்டல."

"மறந்துட்டியாடி?" என்றாள் அக்கா. அவள் குரல், ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சியது.

"மறக்கல."

அக்கா முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தாள். நெட்டைதான் குனிந்து சிலிண்டர் பட்டைகளை அவிழ்த்துவிட்டாள்.

பட்டறைக்குத் திரும்பியதும், "கழட்டு" என்றாள் அக்கா. சின்னவள் இரண்டு சிலிண்டர்களையும் காலியாக்கி, இணைப்பைக் கழற்றினாள். அவளே முறுக்கிப் பூட்டியது என்பதால் லேசில் வரவில்லை. அக்கா சிலிண்டரை முழங்காலுக்கிடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

குழாய் கையோடு வந்ததும் சின்னவள் கேட்டாள்: "இனிமே யாரு நிரப்பறது?"

"நீதான்" என்றாள் அக்கா. சின்னவள் நிமிர்ந்தாள். "நீ நிரப்பு. ஒவ்வொரு தடவையும் நெட்டை சோதிச்சுப் பாத்துட்டுச் சொன்னப்புறம்தான் நான் முதுகுல மாட்டுவேன்."