சின்னவன் ஊர்

கொழுந்தனின் புருவத்தில் பட்டுத் தெறித்த பீங்கான் வில்லை சுவரில் மோதி இரண்டாக உடைந்த பிறகுதான், தன் கணவன் என்ன செய்துவிட்டான் என்பது அவளுக்கு உறைத்தது. கூடத்து பெஞ்சில் மாமனாரின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். சுடுகாட்டு வண்டி இன்னும் வந்தபாடில்லை.

சின்னவன் அப்போதுதான் பயணத்திலிருந்து நேரே வந்திருந்தான். தோள்பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது ஓய்ந்து நிமிர்ந்தவன் கண்ணில் முக்காலிமேல் இருந்த அந்த வில்லை பட்டது. டீ கிளாஸுக்கு அடியில் வைக்க அவன்தான் முன்பு அனுப்பியிருந்தான். அதை எடுத்துத் தடவினான்.

"அண்ணி, இதை நான் எடுத்துக்கட்டுமா?"

அவள் வாய் திறக்குமுன் பெரியவன் அதைப் பிடுங்கி அவன் முகத்திலேயே வீசிவிட்டான்.

உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆறு, பாலம், இரு கரையிலும் இலையே தெரியாமல் பூத்த மரங்கள், அடியில் 'வசந்தத்தில் நம் நகரம்' என்று வளைந்த எழுத்து. லாரி ஓட்டியே தேய்ந்த மாமனாருக்கு, சின்னவன் வேலை பார்க்கும் அந்த ஊருக்கு மட்டும் லோடு வாய்க்கவே இல்லை. மரம் பூக்கட்டும், கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சின்னவன் போனில் சொல்வான். மரங்கள் பூத்தன, உதிர்ந்தன, மறுபடியும் பூத்தன. அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கிளாஸைத் தூக்கிப் பிடித்து, பாருங்க, என் சின்னவன் ஊரு என்று காட்டிக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போகும். அப்பாவுக்கு டீ எதுக்கு, அந்த வில்லையே போதும் என்று பெரியவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எப்போதும் பாதியிலேயே நின்றுவிடும்.

சின்னவன் ரத்தத்தைத் துடைத்து உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு தலையால் அண்ணன் வயிற்றில் முட்டினான். இருவரும் முக்காலியோடு விழுந்தார்கள். மருந்து பாட்டில்கள் உருண்டன. விலக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் மூக்கில் முழங்கை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். அவள் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அது கிழிந்து கையோடு வந்தது. லாரிப் பட்டறையில் இரும்பு திருகிய அவன் விரல்கள் தம்பியின் கழுத்தில் இறுகின.

"கடைசி வாரம் பூரா என்னை யாருன்னே அவருக்குத் தெரியலடா. சின்னவனே வந்துட்டியான்னு கேட்டாரு. வந்துட்டேன்ப்பான்னு சொன்னேன். தினமும் சொன்னேன். பீ மூத்திரம் அள்ளினது நான். செத்தது உன் மடியிலடா."

அடுப்படியிலிருந்து அவளும் அதைக் கேட்டிருக்கிறாள். நோயாளியைச் சமாதானப்படுத்துகிறான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

மூச்சுக்குத் தவித்த சின்னவன் காலை உதறினான். உதை பெஞ்சில் விழுந்தது. பெஞ்ச் சரிந்து, மாமனார் புரண்டு முகம் குப்புறத் தரையில் விழுந்தார்.

அந்தச் சத்தம் கேட்டு வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

அவள் கணவனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன்மேல் கை வைத்ததில்லை. அதே வேகத்தில் கொழுந்தனையும் அறைந்தாள்.

"தூக்குங்க" என்றாள்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். சின்னவன் குனிந்தபோது புருவத்து ரத்தம் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அவள் உள்ளே போய், தேய்த்து மடித்திருந்த வேறொரு சட்டையைக் கொண்டுவந்தாள். அழுக்கானதைக் கத்தரித்துக் கழற்றினாள். சின்னவன் அப்பாவின் விறைத்த கையைப் பிடித்து மேலே உயர்த்தினான்.

"மெதுவாடா" என்றான் பெரியவன். "அந்தத் தோளைத் தூக்கினா அவருக்கு வலிக்கும்."

சின்னவன் கையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டான். பெரியவன் சட்டைக் கையைச் சுருட்டி, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்தான். வாசலில் வண்டி வந்து நின்றது. அவள் கீழிருந்து பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள்.