திரைக்கு வெளியே நின்றவர்

"அவர் பார்க்கக் கூடாது சிஸ்டர். அவ்வளவுதான்."

இடது மார்பை எடுத்து நாலு நாளான ஜெராக்ஸ் கடைக்கார அக்கா இதையே மூன்றாம் முறையாகச் சொன்னாள். கட்டுப் பிரிக்கும் தட்டோடு நர்ஸ் கட்டிலருகே நின்றாள். அக்கா மறுநாள் வீட்டுக்குப் போகிறாள். காயத்திலிருந்து வரும் மெல்லிய குழாயும், அதன் நுனியில் நீர் சேரும் மெத்தென்ற பிளாஸ்டிக் பாட்டிலும் அவளோடு போகும். காலையும் மாலையும் அதைக் காலி செய்ய ஒரு ஆள் வேண்டும். வீட்டில் இருப்பதோ புருஷன் ஒருவர்தான்.

"நீங்க இன்னும் பார்க்கலையேக்கா."

"எனக்கும் வேண்டாம்."

வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் "தைரியமா இரு" என்று சொல்லி, நாலு ஆரஞ்சை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தைரியம் என்ன கடைச் சரக்கா, கேட்டதும் எடுத்துக் கொடுக்க? அந்த வார்த்தை காதில் விழுந்தாலே நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். பார் என்று யாரையும் அவள் வற்புறுத்தியதில்லை. ஆனால் காலையில் வராந்தா நாற்காலியில் அந்த மனுஷர், "என் மேல அவளுக்கு என்ன கோபம் சிஸ்டர்?" என்று கேட்டதை அவளால் ஒதுக்கிவிட முடியவில்லை.

"சரி, அவர் திரைக்கு வெளியிலயே நிக்கட்டும். காதால கேட்டுக் கத்துக்கட்டும்."

அக்கா யோசித்தாள். "எட்டிப் பார்க்கக் கூடாது."

வெளியே அவர் கையில் ஒரு காலி பாட்டிலைக் கொடுத்து நிறுத்தினாள் நர்ஸ். உள்ளே வந்து கட்டைப் பிரித்தபடியே குரலை உயர்த்தினாள். "மூடியத் திறங்க. உள்ள இருக்கறத அளந்து கொட்டுங்க. பாட்டில நல்லா அழுத்தி, அழுத்தின பிடியிலயே மூடுங்க. அது விரியும்போதுதான் நீரை இழுக்கும். எங்க, சொல்லுங்க?"

"திறக்கணும். கொட்டணும். மூடணும். அப்புறம் அழுத்தணும்."

நர்ஸ் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். கடையில் ஜெராக்ஸ் மெஷினில் அவர் தாளைத் தலைகீழாக வைக்கும்போதெல்லாம் இருபத்திரண்டு வருஷமாகத் திருத்திப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"மூடிட்டு அழுத்தினா காத்து எப்படிங்க வெளிய போகும்?"

"அதத்தானே நானும் சொன்னேன்."

"எங்க சொன்னீங்க? மறுபடி செய்ங்க."

வெளியே மூடி விழுந்து உருண்டது. "இப்ப மூடிட்டேன், அழுத்தவா?" என்றார் அவர்.

"ஐயோ, உங்களோட மல்லுக்கட்ட என்னால ஆகாது! இங்க வாங்க, காட்டறேன்!"

வலது கையால் திரையை அவளே சர்ரென்று இழுத்துவிட்டாள். அப்புறம்தான் கட்டு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நர்ஸ் சட்டென்று போர்வையை நீட்டினாள். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானாவா? ஒரு பக்கமே போயிருச்சு!"

"நீயே போயிட்டா என்ன செய்றதுன்னுதாண்டி நாலு நாளா வெளிய உக்காந்திருந்தேன்," என்றவர், பாட்டிலைப் பிடித்தபடியே அழுதார்.

அக்காவும் அழுதாள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அழுதாள். நர்ஸ் தட்டில் இருந்த பஞ்சைத் தேவையில்லாமல் இரண்டு தரம் அடுக்கினாள். இந்த ஆளை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கோணலா இருக்கா?"

"கோணலாத்தான் இருக்கு," என்றார், பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"கையக் கொடுங்க. நானும் பார்க்கறேன்," என்று அவர் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அக்கா மெல்லக் குனிந்தாள்.